தாங்குகிற குளம்பு

பால் இன்றைக்குக் கிடையாது அம்மிணி. நாளைக்கும் கிடையாது. மாரப்பன் வீட்டுக்குப் புதுசாகக் குடிவந்தவர்கள்தானே நீங்கள்? சாமான் இறக்கும்போது பார்த்தேன். நாலு வீடு தள்ளி இருக்கிறவர்களுக்குப் பால் இல்லை என்று சொல்லி அனுப்புவது எனக்கே நன்றாக இல்லை. ஆனால் மாட்டுக்கு ஊசி போட்டிருக்கிறது. ஊசி மருந்து உடம்பைவிட்டுப் போகிறவரைக்கும் பாலை யாருக்கும் கொடுக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். படுத்தபடியே கிடக்கிறவளிடம் வருகிறதைக் கறக்கிறேன், தென்னைமரத்து அடியில் ஊற்றுகிறேன். எங்கள் வீட்டுக்காரர், பால் சொசைட்டியில் ஊற்றினால் யாருக்குத் தெரியப்போகிறது என்றார். எனக்குத் தெரியுமே என்றேன். உனக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்த மாதிரிதான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நிற்காதீர்கள், அந்தச் சாக்கின்மேல் உட்காருங்கள். மாடு முட்டாது. முட்டுகிற நிலையிலா இருக்கிறாள்? படுத்தவள் படுத்தபடியே கிடக்கிறாள். நாளைக்குக் காலையில் மாட்டுத் தரகர் ஆறுச்சாமி வண்டியோடு வருகிறார். அதற்குள் இவள் எழுந்து நிற்கவேண்டும். நின்றால் எங்கள் மாடு. படுத்தே கிடந்தால் இழுத்து ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். எங்கே கொண்டுபோவார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். படுத்த மாட்டைக் கறக்கிறதற்கு யாரும் வாங்கமாட்டார்கள், அதுவரைக்கும்தான் எனக்குத் தெரியும்.

சிங்காரி என்று பேர். மூன்றாம் ஈத்து. செனையாக வேறு இருக்கிறாள். முன்னே இன்னும் இரண்டு மாடு இருந்தது. மகள் படிப்புக்கு விற்றாயிற்று. படிப்புக்கு என்றால் முழுக்க இல்லை, காலேஜ் பீஸை என் தங்கை விசாலாட்சி கட்டினாள். அதைச் சொல்லாமல் விட்டால் அவள் கட்டினதை நான் மறைத்துவிட்டேன் என்று வரும். ஹாஸ்டலுக்கும் துணிமணிக்கும் மாட்டை விற்றது நான். அதை யாரும் சொல்கிறதில்லை.

மழைக்காலத்தில்தான் ஆரம்பித்தது. முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு நிற்பாள். பின்னங்கால் இரண்டையும் மாற்றி மாற்றி ஊன்றுவாள், சுடுகிற தரையில் நிற்கிற மாதிரி. தீவனத் தொட்டிவரைக்கும் வருகிறதற்கே யோசிப்பாள். எங்கள் வீட்டுக்காரர் முள் ஏறியிருக்கும் என்றார். எதிர்வீட்டு நாச்சம்மா கண்ணேறு என்றாள். யார் கண் என்று கேட்டேன், சொல்லாமல் சிரித்தாள். அவள் கண்தான். நான் வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துப் பூசிப் பார்த்தேன். பூசும்போது சும்மா நிற்பாள், நடக்கச் சொன்னால் நொண்டுவாள்.

மாடு எங்கேயாவது நொண்டினால் ஆறுச்சாமிக்கு மூக்கில் வேர்த்துவிடும். தண்ணீர் குடிக்க வந்த மாதிரி வந்தார். சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு சிங்காரியை ஒரு சுற்றுச் சுற்றினார். "நடக்கறப்பவே குடுத்துட்டா நாலு காசு பாக்கலாமுங். படுத்துட்டா ஏத்துகூலிய நீங்கதான் குடுக்கோணும்" என்றார். அவர் போனபிறகு எங்கள் வீட்டுக்காரர் பேசவே இல்லை. அவர் பேசாவிட்டால் கணக்குப் போடுகிறார் என்று அர்த்தம். நான் உடனே மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன்.

புதுசாக வந்திருக்கிற டாக்டர். சின்ன வயசு, என் மகளைவிட நாலைந்து வருசம் மூத்தவராக இருப்பார். கலியாணம் ஆகவில்லை, கேட்டேன். வந்ததும் சிங்காரியைக் கொட்டகைத் தூணோடு தலையைச் சேர்த்துக் கட்டச் சொன்னார். வயிற்றுக்கு அடியில் ஒரு கயிறு. பின்னங்காலில் ஒரு கயிறு போட்டு, அதை மேலே இரும்புக் குழாயில் மாட்டி, எங்கள் வீட்டுக்காரரை இழுத்துப் பிடிக்கச் சொன்னார். கால் பின்பக்கமாக மேலே வந்தது. குளம்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு டாக்டர் உச்சுக்கொட்டினார். முனை வளர்ந்து, தேய்ந்த செருப்பு மாதிரி மேலே வளைந்திருந்தது. தினமும் காலடியில் உட்கார்ந்து கறக்கிறேன், நான் பார்த்தது மடியைத்தான்.

பெரிய இடுக்கியால் முனையை நறுக்கினார். பிறகு நுனி வளைந்த ஒரு கத்தியால் சீவினார். கொப்பரைத் துண்டு மாதிரி விழுந்தது. எங்கிருந்தோ இரண்டு நாய் வந்து ஒவ்வொரு துண்டாகக் கவ்விக்கொண்டு போனது. எனக்கு அதைப் பார்க்கவே பொறுக்கவில்லை. அது மனுஷருக்கு நகம் வெட்டுகிற மாதிரிதாம்மா, வலிக்காது என்றார் டாக்டர்.

உங்களுக்குத் தெரியுமோ என்னமோ, மாட்டுக்கு ஒரு காலிலேயே இரண்டு குளம்பு. வெளிப்பக்கம் ஒன்று, உள்பக்கம் ஒன்று. வெளிப்பக்கக் குளம்பின் அடியில்தான் ரத்தம் கட்டிக் கறுத்திருந்தது. கத்தி அங்கே பட்டதும் சிங்காரியின் உடம்பு முழுக்க ஒரு உதறல். சுற்றிலும் சீவி எடுத்ததும் நடுவில் காசளவுக்குக் குழி தெரிந்தது. சிவப்பாக, பச்சைச் சதை. இதை ஊன்றிக்கொண்டா இவள் இத்தனை நாளும் எனக்குப் பால் கொடுத்தாள்?

எதனால் இப்படி என்று கேட்டதற்கு, ஈரமான சிமெண்டுத் தரைதான் என்றார். குளம்பு ஊறி மெதுவாகி, சிமெண்டில் தேய்ந்து, ஒரே இடத்தில் பாரம் விழுந்து இப்படி ஆகுமாம். பார்த்தீர்களா? அந்தக் கொட்டகை என் தங்கை போட்டுக் கொடுத்தது. அக்கா சேற்றில் உட்கார்ந்து கறக்கிறாள் என்று கடன் வாங்கித் தரை போட்டுக் கொடுத்தாள். அவள் கை வைத்தால் இப்படித்தான் ஏதாவது வரும். அடிக்கடி கழுவிவிடுவீங்களா அம்மா என்று டாக்டர் கேட்டார். கழுவாமலா, நான் தண்ணீர் ஊற்றுகிற ஊற்றலுக்கு இந்தத் தரை காய்ந்து நான் பார்த்ததில்லை, என் கொட்டகையில் சாணி நாற்றம் அடிக்கிறது என்று ஒருத்தர் சொல்லட்டும் என்றேன். அவர் என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், பிறகு கத்தியைத் துடைத்தார்.

அதற்குப் பிறகுதான் அந்த வேலையைச் செய்தார். பையிலிருந்து ஒரு மரக்கட்டையை எடுத்தார். உள்ளங்கை நீளம், இரண்டு விரல் கனம். ஒரு பொடியையும் ஒரு தண்ணீரையும் குழைத்துப் பசை மாதிரி பண்ணி, கட்டையில் அப்பி, குளம்பின் அடியில் ஒட்டினார். எந்தக் குளம்பில்? புண் இருக்கிற குளம்பில் இல்லை. பக்கத்தில் ஒரு குறையும் இல்லாமல் இருந்ததே, அந்த உள்பக்கக் குளம்பில்.

"அது நல்ல குளம்புங்களே" என்றேன்.

"நல்லா இருக்கிறதாலதாம்மா. கட்டை உயரத்துக்கு இது மொத்த பாரத்தையும் தாங்கிக்கும். புண்ணு தரையில படாம தொங்கும். தொங்கினாத்தான் ஆறும். நீங்க கட்டைய எடுத்துராதீங்க, நானே வந்து எடுக்கறேன்."

"இது தாங்குங்களா?"

"கெட்டியா இருக்கும்மா. தாங்கும்."

கெட்டியாக இருக்கிறது, தாங்கும். இந்த வார்த்தை எனக்குப் புதுசு இல்லை அம்மிணி. வேறு ஒரு வாயால் கேட்டிருக்கிறேன்.

விசாலு என்னைவிட மூன்று வயசு இளையவள். நடக்கப் பழகின புதிதில் காய்ச்சல் வந்து ஒரு கால் சூம்பிப்போய்விட்டது. இளம்பிள்ளை வாதம். ஐந்தாவது வரைக்கும் உள்ளூர்ப் பள்ளிக்கூடம், அம்மா தூக்கிக்கொண்டு போய்விட்டுவிடுவாள். அதற்குமேல் படிக்க டவுனுக்குப் போகவேண்டும். நான் அப்போது டவுன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது. இரண்டு பேரும் சேர்ந்து போய்ப் படிக்கலாம்தானே என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போயிற்று. காட்டுவேலைக்கும் மாடு கறக்கவும் ஒரு ஆள் வேண்டும். விசாலுவை டவுனில் கொண்டுபோய் விடவும் கூட்டிக்கொண்டு வரவும் ஒரு ஆள் வேண்டும். அப்பா ஒரு பழைய சைக்கிளை வாங்கிக்கொண்டு வந்தார். எனக்குத்தான் என்று குதித்தேன். எனக்குத்தான்.

"அவளுக்குப் படிப்பும் இல்லீனா ஒண்ணுமே இல்ல சாமி. நீ கெட்டியான புள்ள. நீ தாங்குவ" என்றார்.

காலையில் விசாலுவைக் கேரியரில் உட்காரவைத்து மிதிப்பேன். வாய்க்கால் மேட்டில் இறங்கித் தள்ளுவேன். பள்ளிக்கூட வாசலில் அவளை இறக்கி, தோளில் பையை மாட்டிவிடுவேன். என்னோடு படித்த பிள்ளைகள் உள்ளே போய்க்கொண்டிருப்பார்கள். நான் சைக்கிளைத் திருப்புவேன். முதல் மணி எனக்குப் பின்னால் அடிக்கும். சாயங்காலம் மறுபடியும் போய் அதே வாசலில் நிற்பேன். விசாலு பள்ளிக்கூடம் முடிக்கிறவரைக்கும் போனேன். மழை என்று நின்றதில்லை, உடம்பு சரியில்லை என்று நின்றதில்லை. என்னை மாதிரி ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போனவள் அந்த ஊரில் எவளும் கிடையாது. உள்ளே போகவில்லை, அவ்வளவுதான்.

அவள் டீச்சர் ஆனாள். இப்போது தலைமை ஆசிரியை. நான் மாடு கறக்கிறேன். ஒரு நாளாவது, அக்கா நீ என்னைச் சுமந்தாய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறாளா? இல்லை. சனிக்கிழமை ஆனால் பழம் வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள், மாத்திரை இருக்கிறதா, மகளுக்குப் பணம் அனுப்பட்டுமா என்று கேட்பாள், அதெல்லாம் வேறு. நான் கேட்கிறது ஒரு வார்த்தை.

என்ன, என் காலையே பார்க்கிறீர்கள்? எழுந்திருக்கும்போது முட்டி கொஞ்சம் பிடிக்கும், நாலு எட்டு வைத்தால் சரியாகிவிடும். எனக்கு ஒன்றும் இல்லை. நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

மாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கட்டை ஒட்டினதிலிருந்து சிங்காரியை உட்கார்ந்து உட்கார்ந்து பார்ப்பேன். நொண்டல் குறைந்த மாதிரிதான் இருந்தது. தொட்டிக்கு அவளே வந்தாள். எங்கள் வீட்டுக்காரர், பார்த்தாயா டாக்டர் வேலையை என்றார். ஆனால் என் கண்ணெல்லாம் அந்த உள்பக்கக் குளம்பின்மேல்தான். புண்குளம்பு பாட்டுக்கு அந்தரத்தில் சொகுசாகத் தொங்குகிறது. இத்தனை பெரிய உடம்பு, வயிற்றுக்குள் ஒரு கன்று, அவ்வளவும் இது ஒன்றின் தலையில். இரண்டும் ஒரு காலில் முளைத்ததுதானே? ஒன்றுக்கு நோகிறது என்பதற்காக, நோகாமல் இருந்ததுதான் தப்பு என்கிற மாதிரி இதன்மேல் கட்டையையும் ஒட்டிப் பாரத்தையும் ஏற்றினால் அது என்ன நியாயம்? இதுவும் கெட்டுப்போனால் அப்புறம் எதில் ஒட்டுவார்கள்? எனக்குச் சோறு இறங்கவில்லை அம்மிணி.

எங்கள் வீட்டுக்காரர் தேங்காய் ஆட்டச் செக்குக்குப் போயிருந்தபோது, நடுப்பகலில், உளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பசை கல்லாக இறுகிப்போயிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி நெம்பினேன். சிங்காரி சும்மாதான் நின்றாள், அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. கட்டை இரண்டாகப் பிளந்துகொண்டு வந்தது. பிறகு ஒரு ரப்பர் செருப்பை அளவாக வெட்டி, நூல் சேலைத் துணியைச் சுற்றி, புண்குளம்புக்கு அடியில் மெத்தை மாதிரி வைத்துக் கட்டினேன். நோகிற இடத்துக்குத்தானே மெத்தை வேண்டும்? இனிமேல் இரண்டும் சமமாகத் தாங்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். பெற்றவள்கூட அப்படிப் பார்த்துப் பார்த்துக் கட்டியிருக்கமாட்டாள்.

டாக்டர் ஆழமாகக் கத்தி போட்டதில்தான் ஏதோ கெட்டிருக்கிறது என்று நான் இப்போதும் சொல்வேன். ஏனென்றால் மறுநாள் நொண்டினாள், அதற்கு மறுநாள் எழுந்திருக்கவே இல்லை. குளம்புக்குமேலே வீங்கிப் பளபள என்று ஆகிவிட்டது. துணிக்குள்ளிருந்து ஒரு வாடை. பால் பாதிக்குப் பாதி குறைந்தது. கட்டை தானாகக் கழன்று விழுந்துவிட்டது என்று எங்கள் வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டார். நான் இல்லை என்று சொல்லவில்லை. மறுபடியும் டாக்டரைக் கூப்பிடலாம் என்றார். இன்னும் இரண்டு நாள் பார்க்கலாம் என்றேன். பார்த்தோம். அவர் பேச்சை நிறுத்திவிட்டார். கணக்கு முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

போன சனிக்கிழமை ஆறுச்சாமி வண்டியோடு வந்துவிட்டார். ஆள் இரண்டு பேர். ஒருத்தன் கழுத்துக் கயிற்றை இழுக்கிறான், ஒருத்தன் வாலை முறுக்குகிறான். சிங்காரி முன்னங்காலை ஊன்றப் பார்த்து அப்படியே சரிகிறாள். அவள் கத்தவே இல்லை. நான் கொட்டகைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அந்த நேரம் பார்த்து விசாலு வந்தாள், இரண்டு பக்கமும் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில். பழப்பையோடு இறங்கினவள், வாலை முறுக்கினவனைப் பார்த்து, கையை எடுடா என்றாள். வகுப்பில் சொல்லிச் சொல்லிப் பழகின குரல். அவன் எடுத்துவிட்டான்.

கைத்தடியைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அவள் உட்காருவது உங்களையும் என்னையும் மாதிரி இல்லை. சூம்பின காலில் மாட்டியிருக்கிற இரும்புக் கருவியின் பூட்டைத் திறந்து, காலை ஒரு பக்கம் நீட்டி, கையை ஊன்றி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உட்காரவேண்டும். உட்கார்ந்து குளம்பை உற்றுப் பார்த்தாள். நான் கட்டின துணியைப் பார்த்தாள்.

"கட்டை எங்கக்கா?"

கட்டை ஒட்டினதை நான்தான் முந்தின வாரம் அவளிடம் போனில் சொல்லியிருந்தேன். எங்கள் வீட்டுக்காரர், அது விழுந்துபோச்சு என்றார். அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாந்தான் எடுத்தேன்" என்றேன். "நல்ல குளம்பு என்ன பாவம் பண்ணுச்சு? எல்லாத்தையும் அதுதான் சுமக்கோணுமா?"

மாட்டைப் பற்றித்தான் சொன்னேன். எங்கள் வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார், அதை இப்போது சொல்லவேண்டாம். ஆறுச்சாமி வானத்தைப் பார்த்தார். விசாலு குனிந்தபடியே சொன்னாள்.

"என்ற நல்ல காலு இருக்குதல்லக்கா, அது வலிக்காத நாளே கெடையாது. இந்தச் சூம்புன காலு வலிக்கவே வலிக்காது. எந்த டாக்டர்கிட்டப் போனாலும் இதைத்தான் தூக்கி வெச்சுப் பாப்பாங்க. அதை ஒருத்தரும் பாத்ததில்ல."

"அப்ப நாஞ் சொன்னது சரிதான?"

"சரிதான். வலிக்கும். ஆனா அது பாவம்னு அதுல ஊனாம இருந்தா நான் எப்பிடி நிக்கறது? விழுந்திருவனல்ல?"

இத்தனை வருசத்தில் அவள் அந்தக் காலைப் பற்றி என்னிடம் சொன்னதே இல்லை அம்மிணி. எனக்கு எப்படித் தெரியும்? கேரியரில் வைத்து மிதித்தவள் நான், எனக்கே தெரியாது. படித்தவள் இல்லையா, எதையும் சொல்லவேண்டிய நேரத்துக்கு என்று எடுத்து வைத்திருப்பாள்.

அவளே டாக்டருக்குப் போன் பண்ணினாள். ஆறுச்சாமி எங்கள் வீட்டுக்காரரைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். வியாழக்கிழமைவரைக்கும் பொறுக்கிறேன், நின்றுகொண்டிருந்தால் உங்கள் மாடு, படுத்திருந்தால் மறுபேச்சு இல்லை என்று முடிவாயிற்று. அந்த வியாழக்கிழமைதான் நாளைக்கு.

டாக்டர் வந்து துணியை அவிழ்த்தார். வாடை எல்லாருக்கும் அடித்தது. புண்ணுக்குள் சாணி போய்ச் சீழ் பிடித்திருந்தது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவர் பாட்டுக்குக் கழுவினார், சீவினார், மருந்து வைத்தார். அப்புறம் உள்பக்கக் குளம்பைத் திருப்பி, உளி பட்ட தழும்பை விரலால் தடவிப் பார்த்தார்.

"கட்டைய யாருங்க எடுத்தது?"

நான் வாயைத் திறக்கிறதற்குள் விசாலு சொன்னாள், "தானா விழுந்துருச்சுங்க டாக்டர். நாங்கதான் உடனே சொல்லாம விட்டுட்டோம்."

பிள்ளைகள் பொய் சொன்னால் மணலில் முட்டி போடவைக்கிறவள் அவள். அவள் முகத்தைப் பார்க்கவே என்னால் முடியவில்லை. நான் அவளைச் சொல்லச் சொன்னேனா? இல்லை. டாக்டர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சரிங்க டீச்சர் என்றார். புதுக் கட்டையை எடுத்தார். பசை காய்கிறவரைக்கும் குளம்பை யாராவது அசையாமல் பிடித்துக்கொள்ளவேண்டும் என்றார். நான்தான் பிடித்தேன். பசை காயும்போது சூடாகும், தெரியுமா? அந்தச் சூடு என் உள்ளங்கைக்குள் ஏறியது. உன்னை மறுபடியும் மாட்டிவிட்டேன் என்று அந்தக் குளம்பிடம் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் இவளைச் சிமெண்டுத் தரையிலிருந்து சாக்கில் வைத்து இழுத்து இந்த மண் தரைக்குக் கொண்டுவந்தோம். ஊசி போட்டது, வீக்கம் வற்றியிருக்கிறது, தீனி எடுக்கிறாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கத் தெம்பு இருக்கிறது, வலிக்கும் என்ற பயம்தான் விடவில்லை என்கிறார் டாக்டர். ஒரு பக்கமாகவே கிடக்கக்கூடாது என்று வேளைக்கு வேளை நானும் எங்கள் வீட்டுக்காரரும் புரட்டிவிடுகிறோம். புரட்டும்போது மட்டும் பேசிக்கொள்கிறோம். பிடி, தள்ளு, விடு, அவ்வளவுதான். நாளைக்குக் காலையில் வண்டி வந்தால் நான் எங்கே போய் நிற்பேன் என்று தெரியவில்லை.

பேசாதீர்கள். அசையாதீர்கள். காதைத் திருப்புகிறாள், பாருங்கள். தலையை முன்னால் நீட்டுகிறாள். பின்பக்கத்தைத் தூக்கப் பார்க்கிறாள். அவரைக் கூப்பிடட்டுமா? வேண்டாம், ஆள் ஓடிவந்தால் மிரண்டுவிடுவாள். மெதுவா கண்ணு, மெதுவா. போச்சு, சரிந்துவிட்டாள். இல்லை, சரியவில்லை. முன்னங்கால் முட்டி போட்டபடியே இருக்கிறாள், பின்பக்கம் மேலே வந்துவிட்டது. ஊன்று சாமி. அதை ஊன்று. கட்டை இருக்கிறதல்லவா, அதை ஊன்று. அதுதான், அதுதான்.

நின்றுவிட்டாள் அம்மிணி.

உடம்பெல்லாம் எப்படி நடுங்குகிறது பாருங்கள். ஆனால் நிற்கிறாள். புண்குளம்பு மண்ணில் படவில்லை. ஏனுங்க, இங்கே வாங்க, ஓடி வராதீங்க, மெதுவா வாங்க. நாளைக்கு வரைக்கும் நிற்பாளா? மறுபடியும் படுத்தால் மறுபடியும் எழுந்திருப்பாளா? யாருக்குத் தெரியும். வண்டி வரும்போது நிற்கவேண்டும், எனக்கு அது போதும்.

அந்தக் கிண்ணத்தை இப்படித் தள்ளுங்கள். நல்லெண்ணெய்தான், சூடு பண்ணினது. புண்ணில் கை வைக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், நான் வைக்கிறதில்லை. அதை டாக்டர் பார்த்துக்கொள்ளட்டும், அதற்கு மருந்து இருக்கிறது, ஊசி இருக்கிறது, போன் பண்ண ஆள் இருக்கிறது. நான் தடவுகிறது இந்த உள்பக்கக் குளம்புக்கு. கட்டைக்கு மேலே, மயிர் தொடங்குகிற இடத்தில், இப்படிச் சுற்றிச் சுற்றி. இதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை, ஒன்றும் கெட்டுப்போகவும் போவதில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார். தொட்டுப் பாருங்கள், எப்படிக் கொதிக்கிறது என்று. இதைத்தான் நல்ல குளம்பு என்கிறார்கள்.

சனிக்கிழமை விசாலு வருவாள். வந்தால் நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கருவியைக் கழற்றுவாள், நாங்கள் எல்லாரும் வழக்கம்போல அந்தக் காலைப் பார்ப்போம். இன்னொரு காலை நீட்டு பார்க்கலாம் என்று சொல்லவேண்டும். சொல்வேனா என்று தெரியவில்லை. இத்தனை வருசம் கேட்காததைத் திடீரென்று எப்படிக் கேட்பது? எண்ணெய் மிச்சம் இருந்தால் பார்க்கலாம்.